வளைவில் இறங்கியவள்

கொலோனியா சான் ஹெரார்தோ, மிஸியோனெஸ்
11 மார்ச் 1991

அன்புள்ள உல்லிக்கு,

உன்னை இன்னும் இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்தானே? முதலில் உல்ரிக்கே என்று முழுப்பெயர் போட்டுத் தொடங்கினேன். பள்ளி ஆய்வாளருக்கு விண்ணப்பம் எழுதுவது மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

இங்கே மழை ஒருநாள், வெயில் ஒருநாள். என் முழங்காலும் அப்படித்தான். நீயும் மார்சியலும் லூசிலாவும் எப்படி இருக்கிறீர்கள்? லூசிலாவுக்குப் பதினான்கு முடிந்திருக்குமே. உன் அம்மாவின் அடக்கத்தன்று பார்த்தபோதே உன்னைவிட உயரமாக நின்றாள்.

அன்றைக்கு நீ மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். நான் கோழி அடித்து, மரவள்ளி வேகவைத்து வைத்திருந்தேன். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது, இப்போது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று சொல்கிறேன்.

உன் அம்மாவின் பிள்ளைகள் எல்லாம் சுகம். குருட்டுக் குதிரை வேலி ஓரமாகவே நடந்து தானே தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடுகிறது. மூன்று கால் நரி குளிரில் கொஞ்சம் நொண்டும், மற்றபடி சேட்டைக்குக் குறைவில்லை. பாதி அலகு ஒடிந்த டூக்கன் பறவைதான் தொல்லை. நேற்று கேக்குக்கு வைத்திருந்த முட்டை இரண்டைக் குடித்துவிட்டு, ஒன்றும் அறியாத மாதிரி என் தோளில் வந்து உட்கார்ந்தது. "உன்னை இப்படிக் கெடுத்துட்டுப் போயிட்டாங்களே" என்று திட்டினேன். உன் அம்மா இருந்தால் என்னைத் திட்டியிருப்பார்.

எழுத வந்த விஷயம் இது. ஓடைப் பாலம் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு வளைவு இருக்கிறதே, அங்கே மரம் ஏற்றிப்போகும் லாரிகளில் அடிபட்டு வருஷத்துக்குப் பத்து மிருகமாவது சாகிறது. இனி லாரிகள் மெதுவாகப் போகவேண்டும் என்று பலகை வைக்கப்போகிறார்கள். அந்த வளைவுக்கே உன் அம்மாவின் நினைவாக 'தோன்யா எடுவிஹெஸ் வளைவு' என்று பெயர் வைக்க ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஹெட்விக் என்பது கடைசிவரைக்கும் இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை, என்ன செய்ய. அக்டோபர் 20, ஞாயிறு, திறப்பு. அவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் படிக்கவேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறாம் வகுப்பு படித்தவள் நான். பிறந்த ஊர், தேதி எல்லாம் நீ எழுதி அனுப்பு. படம் இருந்தால் அதுவும். பஸ் கதையைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

நீ வந்தால் நன்றாக இருக்கும்.

என்றும் அன்புடன்,
நிஸியா


ரொசாரியோ
2 ஏப்ரல் 1991

திருமதி தியோனிசியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மிருகங்களைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி.

கேட்ட விவரங்கள்: ஹெட்விக் கெஸல். பிறப்பு 3 ஜூன் 1928, கிழக்குப் பிரஷ்யாவில் ஒரு பண்ணையில். 1945 ஜனவரியில், நெருங்கி வந்த போருக்குத் தப்பி ஓடி, கப்பலேறி, டென்மார்க்கில் நான்கு வருஷம் அகதி முகாம். 1950இல் தாய்மாமனோடு அர்ஜென்டினா வந்தாள். 51இல் அப்பாவைக் கட்டினாள். 52இல் நான். 72இல் அப்பா இறந்துபோனார். இரண்டு படங்கள் இதனுடன் இருக்கின்றன.

பஸ் கதையைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். பஸ் நின்றது, சாலையில் அடிபட்டுக் கிடந்த அந்த நீள்மூக்குக் காட்டு மிருகத்தை, தாய் தாப்பிரைப் பார்த்து அந்த ஜெர்மன்காரி இறங்கினாள், குட்டியைத் தான் போட்டிருந்த நல்ல பட்டு உடுப்பில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று பதினாறு வருஷமாக எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அந்த பஸ் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று ஊரில் யாராவது ஒருவர் கேட்டதுண்டா?

என் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

1975 அக்டோபர் 18, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. எனக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. பெண் வீட்டார் என்று சொல்ல அவள் ஒருத்திதான். முதல் வரிசையில் வெள்ளை ரிப்பன் கட்டி ஒரு நாற்காலி போட்டிருந்தோம். பாதிரியார் என்னிடம் வந்து, "ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார். "இன்னும் பத்து நிமிஷம் ஃபாதர்" என்றேன். மறுபடி வந்தார். மறுபடி பத்து நிமிஷம். மார்சியலின் அத்தை ஒருத்தி பின்னால் இருந்து, "பொண்ணுக்கு அம்மான்னு ஒருத்தி இருக்காளா, இல்ல சும்மா சொன்னாங்களா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பன்னிரண்டு மணிக்கு மார்சியலின் மாமா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரிப்பன் கட்டின நாற்காலியில் அந்த அத்தை உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "தாப்பிர் பிழைத்தது. வாழ்த்துகள். அம்மா."

நீங்கள் விரும்பியதைப் படியுங்கள். என் பெயர் வேண்டாம். நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உல்ரிக்கே கெஸல்


கொலோனியா சான் ஹெரார்தோ
5 மே 1991

உல்லி,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதினவர்கள் நாம்.

ஆனால் உன் கேள்வி நியாயமானது. ஊரில் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், தெரிந்தும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதற்கு மன்னித்துவிடு.

அன்று நான் பார்த்ததை உனக்கு எழுதவேண்டும். நியாயப்படுத்த இல்லை. உன்னிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை, அதனால்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மரலாரி வந்து என் வீட்டுக்குப் பக்கத்தில், உங்கள் வாசலில் நின்றது. உன் அம்மா நீலப் பட்டு உடுப்பில் இறங்கினார். இடுப்புக்குக் கீழே முழுக்க ரத்தமும் செம்மண்ணும். கையில் அந்தக் குட்டி, தர்பூசணி மாதிரி கோடு போட்ட உடம்பு, பிறந்து பத்து நாள் இருக்கும். மூக்கு மட்டும் புழு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. "பாலைச் சூடு பண்ணு" என்றார். இரண்டு மணிக்கு ஒருதரம் பால். வேறு யார் கொடுத்தாலும் குடிக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணி ஆனபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அங்க உங்க மக கல்யாணம் நடக்குது. நீங்க இங்க பால் பாட்டிலப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க" என்றேன். தலை நிமிராமல், "அவளுக்கு அங்க எல்லாரும் இருக்காங்க. இதுக்கு யாரு இருக்கா?" என்றார். "அங்க அம்மா இல்லையே" என்றேன். குட்டிக்கு அன்றைக்குத்தான் பேர் வைத்தார். நோவியா. மணப்பெண் என்று ஒரு மிருகத்துக்கு யாராவது பேர் வைப்பார்களா என்று ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இன்னொன்று. போன வருஷம் படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் காலையில் தானாகவே சொன்னார். ஓடி வந்தார்களே, அந்த ஜனவரியில் அவருக்குப் பதினாறு வயது. வண்டியில் குதிரை பூட்டியாகிவிட்டது. அவருடைய அம்மா, "போய் மாடுகளை அவிழ்த்துவிடு" என்றாராம். அவிழ்த்துவிட்டார். நாயை மட்டும் அவிழ்க்கவில்லை. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி, வீட்டைக் காக்கட்டும் என்று சங்கிலியோடு விட்டுவிட்டு, தட்டு நிறைய மூன்று நாளைக்குச் சோறு வைத்துவிட்டு வண்டியில் ஏறினாராம். "மூணு நாளைக்குன்னு வச்சேன் நிஸியா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "வண்டி வளைவுல திரும்பி மறையற வரைக்கும் வால ஆட்டிக்கிட்டே இருந்துச்சு."

அந்த நாயின் பேர் ஸ்ட்ரோல்ஹ்.

உன் அம்மாவின் வீட்டில் ஒரு சங்கிலிகூட இருந்ததில்லை, நினைத்துப் பார். தபால்காரரை மூன்று முறை நாய் கடித்தபோதும் கட்டிப்போடவில்லை.

அன்புடன்,
நிஸியா


ரொசாரியோ
30 மே 1991

நிஸியா,

நீ சொன்னது பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அப்படி எழுத முடியவில்லை. நீ பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஸ்ட்ரோல்ஹை எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஐந்து வயதிலிருந்து பதினொன்று வரைக்கும், பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே அவன் கதையைச் சொல்லுவாள். ஒருநாளும் விட்டதில்லை. ஸ்ட்ரோல்ஹ் அவர்களோடு வண்டியில் வந்தான். உறைந்துபோன காயல்மேல் நடக்கும்போது காலில் துணிச் செருப்பு கட்டிக்கொண்டான். கப்பலில் கேப்டனின் சாஸேஜைத் திருடிவிட்டு, கேப்டனின் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துத் தூங்கினான். டென்மார்க் முகாமில் டேனிஷ் மொழியில் குரைக்கக் கற்றுக்கொண்டான். அங்கே ஒரு போலீஸ்காரருக்கு அவனைப் பிடித்துப்போய், தன் தொப்பியையே கொடுத்துவிட்டார். நான் பின்னல் அவிழ்ந்துவிடும் அளவுக்குச் சிரிப்பேன். "ஆடாதடி, கோணல் விழுது" என்று தலையில் குட்டுவாள்.

அம்மா என்று நினைத்தால் எனக்குள் இருக்கிற ஒரே நல்ல இடம் அதுதான். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

எனக்குப் பொய்யைக் கொடுத்திருக்கிறாள், உனக்கு உண்மையைக் கொடுத்திருக்கிறாள். பெற்ற மகள் நான். கடைசியில் மகளாக இருந்தது நீ. அவள் கட்டிலருகே உட்கார்ந்தாய், அவள் மனசைத் திறந்து காட்டினாள், இப்போது வாழ்க்கை வரலாறு எழுதுகிறதும் நீதான். நன்றாக எழுது.

ஒன்று மட்டும் தெரியவேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலும் ஒரு பஸ் இருந்தது. அதைப் பிடித்திருந்தால் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ரொசாரியோவில் இருந்திருப்பாள். அந்தக் குட்டியை ஒரு இரண்டு நாள் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லையா?

மணப்பெண் என்று பெயர் வைத்தாளாம். நான் பெருமைப்படவேண்டுமா?

உல்ரிக்கே


கொலோனியா சான் ஹெரார்தோ
8 ஜூலை 1991

உல்லி,

ஒரு மாதமாக இந்தத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன். இங்கே உறைபனி விழுந்து வாழையெல்லாம் கருகிவிட்டது. ஆந்தை ஒன்று புதிதாக வந்திருக்கிறது, இறக்கை ஒடிந்து. அதைப் பார்க்கவேண்டும், இதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மகளாக இருந்தது நான் என்கிறாய். கேட்டுக்கொள். எனக்கு அவர் ஒரு கதை சொன்னதில்லை. டேனிஷில் குரைக்கிற நாயா? உன் கடிதத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். நோவியா வந்ததற்குப் பிறகு பதினான்கு வருஷம் அந்த வீட்டில் வேலைக்கு இருந்தேன், அவர் என்னோடு உட்கார்ந்து சிரித்ததாக எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. வேலை சொல்வார், திட்டுவார், நன்றி சொல்வார். உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்ததை நீ கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன்.

ஆள் கிடைத்தது. அந்த ஆள் நான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உன் அம்மா வேலிக்கு அந்தப்புறம் நின்று என்னைக் கூப்பிட்டார். உடுப்பைத் துவைத்து, ஈரத்தோடு தேய்த்து, மறுபடி போட்டிருந்தார். கறை போகவில்லை, மேலே ஒரு சால்வையைச் சுற்றியிருந்தார். "நிஸியா, திங்கக்கிழமை வரைக்கும் நீ பாத்துக்குவியா? உன் கையில குடிச்சாலும் குடிக்கும், கொஞ்சம் பொறுமையா முயற்சி பண்ணினா" என்றார்.

முடியாது என்றேன்.

என் குழந்தைக்கு இருமல் என்றேன். இருமல் இருந்ததும் உண்மைதான், லேசாக. ஆனால் காரணம் அது இல்லை. உனக்கு இப்போது எழுதுகிறேன், இத்தனை வருஷத்தில் பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சொல்லாததை. நீ என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, உல்லி. ஒரு அழைப்பு அட்டை வரும், வரும் என்று தினம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நீ என் சினேகிதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். உன் அம்மா நீலப் பட்டில் நின்று கேட்டபோது, எனக்கு அந்த அட்டைதான் கண்முன் நின்றது. "எனக்கு முடியாது தோன்யா, வேற யாரையாவது கேளுங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. உள்ளே போய்ப் பட்டைக் கழற்றிவிட்டுப் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

மறுநாள் அவரிடம் போய் "அங்க அம்மா இல்லையே" என்று நானே கேட்டேன் பார், அந்தத் துணிச்சலை என்ன சொல்ல. அவர் திருப்பி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைசிவரை கேட்கவில்லை.

எழுதவேண்டிய அந்த ஒரு பக்கம் என்னால் எழுத முடியாது. வேறு யாராவது படிக்கட்டும் என்று ஊர்த்தலைவரிடம் சொல்லப்போகிறேன். நீ இதற்குப் பதில் போடாவிட்டாலும் எனக்குப் புரியும்.

நிஸியா


ரொசாரியோ
14 செப்டம்பர் 1991

அன்புள்ள நிஸியா,

இரண்டு மாதம் பதில் போடவில்லை. நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். முதல் மாதம் கோபத்தில். இரண்டாவது மாதம் வெட்கத்தில்.

உன் பெயரை அழைப்புப் பட்டியலில் எழுதினேன். பிறகு நானே அடித்தேன். மார்சியலின் வீட்டில் எல்லோரும் டாக்டர், வக்கீல். அந்த அத்தைமார் கையுறை போட்டுக்கொண்டு தேநீர் குடிப்பவர்கள். நீ வந்து என்னை "ஏ உல்லி!" என்று கூப்பிட்டு, அவர்கள் முன்னால் நாம் வெறுங்காலோடு ஓடையில் தவளை பிடித்ததைச் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். அம்மா வருவதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சட்டைப்பையில் ஏதாவது குஞ்சை வைத்துக்கொண்டு வந்துவிடுவாளோ என்று. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வரவில்லையே என்று பதினாறு வருஷம் அழுதேன். வந்துவிடுவாளே என்று பயந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா?

நீ பார்த்துக்கொள்ள மறுத்ததற்கு உன்மேல் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தக் கதவை முதலில் சாத்தியவள் நான்.

ஸ்ட்ரோல்ஹைப் பற்றி நிறைய யோசித்தேன். அந்தக் கதைகள் எப்படி நின்றன என்று உனக்குச் சொல்லவில்லை. பதினோரு வயதில் ஒருநாள் கேட்டேன், "அம்மா, ஸ்ட்ரோல்ஹ் கடைசியில எப்படிச் செத்தான்?" சீப்பு அப்படியே நின்றது. "அவன் சாகல" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது. மறுநாள் காலை, "பெரியவளாயிட்ட, நீயே பின்னிக்கோ" என்று சீப்பைக் கையில் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து என்னைத் தொடுவதே குறைந்துபோனது. நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். பதினெட்டில் ஊரைவிட்டுப் போனபோதும் அதே முடிவுதான்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சங்கிலியில் விட்டுவந்த நாயை ஆறு வருஷம், ஒவ்வொரு காலையும், தன் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு அவிழ்த்துவிட்டிருக்கிறாள். வண்டியில் ஏற்றி, கப்பலில் ஏற்றி, சாஸேஜ் கொடுத்து, தொப்பி போட்டுவிட்டு. நான் சிரித்தேன் என்பதால் மறுநாளும் சொன்னாள். அந்த நாய்க்கு இவ்வளவு நல்ல வாழ்க்கையை என்னோடு சேர்ந்துதான் அவளால் கொடுக்க முடிந்தது. நான் ஒரு கேள்வி கேட்டு அதைக் கொன்றுவிட்டேன். தெரியாமல்தான்.

பொய்யை எனக்குக் கொடுத்தாள் என்று உனக்கு எழுதினேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு வராதது சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். வந்திருக்கவேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தை நீ எழுது. பஸ் எங்கே போனது என்பதையும் சேர்த்து எழுது. அதைப் படிக்கிற ஆள் நான்.

19ஆம் தேதி சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்குவேன். இந்த முறை கோழி அடித்தால் சாப்பிடுகிறேன்.

உன்,
உல்லி


கொலோனியா சான் ஹெரார்தோ
23 அக்டோபர் 1991

அன்புள்ள உல்லி,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் கண்ணாடிக் கூடு இங்கேயே கிடக்கிறது. டூக்கன் அதன்மேல் உரிமை கொண்டாடுகிறது. பிடுங்கித் துடைத்து அனுப்புகிறேன்.

நீ படிக்கும்போது தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஆட்களைப் பார்த்தேன். முதலில் வழக்கம்போல எல்லோரும் சிரிக்கத் தயாராக முகத்தை வைத்திருந்தார்கள். "அந்த பஸ்ஸில் என் அம்மா என் கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்தாள்; நான் அவளுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன்" என்று நீ படித்தாய் பார், தலைவர் தொப்பியைக் கழற்றி வயிற்றோடு பிடித்துக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரி என் காதில், "ஐயையோ, நான் அந்தக் கதைய எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கேன்" என்று அழுதாள். "நானுந்தான்" என்றேன். அதற்கப்புறம் நீ சாஸேஜ் திருடின நாயைச் சொன்னதும்தான் கூட்டத்துக்கு மூச்சு வந்தது. சின்னப் பிள்ளைகள் இப்போது தெருவில் டேனிஷில் குரைக்கிறார்கள். அது எப்படி என்று யாருக்கும் தெரியாததால் பூனை மாதிரி கத்துகிறார்கள்.

நான் இவ்வளவு அவசரமாக எழுதுவது வேறு ஒன்றுக்காக. திங்கட்கிழமை காலை, நீ போன மறுநாள், தோன் கிரிஸ்பின் வந்தார். உனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அன்றைக்கு அந்த பஸ்ஸை ஓட்டினவர். எழுபத்தைந்து வயதாகிறது, காது சரியில்லை. திறப்பன்று கூட்டத்தின் பின்னால் நின்றிருக்கிறார், உன்னிடம் வரத் தைரியம் வரவில்லையாம். மாத்தே தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"அந்தம்மா ரெண்டு தடவ இறங்கினாங்க. ஊருக்கு ஒரு தடவதான் தெரியும். மொதல்ல தாய் கிடக்கிறதப் பாத்து இறங்கினாங்க. அது செத்துட்டுது. குட்டி புல்லுல நின்னுக்கிட்டிருந்துச்சு. தூக்கி ஓரமா நெழல்ல விட்டுட்டுத் திரும்ப வந்து ஏறிட்டாங்க. சீட்ல உக்காந்து, முன்னாடி கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, 'என் பொண்ணுக்குக் கல்யாணம். போங்க. நிக்காதீங்க'ன்னாங்க. நானும் வண்டிய எடுத்துட்டேன். அந்தக் குட்டி இருக்கே, அது விசிலடிக்கும். மனுசப் புள்ள விசிலடிக்கிற மாதிரியே. வண்டி பின்னாடியே விசிலடிச்சுக்கிட்டு ஓடி வருது. கண்ணாடியில பாக்கறேன். அந்தம்மா திரும்பவே இல்ல. கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான்தான் பிரேக் போட்டேன். அவங்க கேக்கல. சத்தியமா கேக்கல. என்னாலதான் தாங்க முடியல. வண்டி நின்னதும் கண்ணத் தொறந்து என்னப் பாத்தாங்க. அந்தப் பார்வய என்னால சொல்ல முடியாது. அப்புறம் பையக்கூட எடுக்காம இறங்கிட்டாங்க."

"யாரும் எங்கிட்டக் கேக்கல. நானும் சொல்லல. அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருந்துச்சுன்னு எனக்கு நேத்துதான் தெரியும்" என்றார். உனக்கு எழுதச் சொன்னார். மன்னிப்புக் கேட்டதாகவும் எழுதச் சொன்னார்.

எழுதிவிட்டேன். இதை வைத்து நீ என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உன்னிடமிருந்து ஒளித்துவைக்க இனிமேல் என்னிடம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
நிஸியா


ரொசாரியோ
9 நவம்பர் 1991

அன்புள்ள நிஸியா,

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் வைத்துத்தான் பிரித்தேன். பாதியில் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டேன். ஒரு கிழவர் இருமல் மருந்துக்காகப் பொறுமையாக நின்றிருந்தார். வெளியே வந்து கொடுத்தபோது, "நல்ல சேதியாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். யோசிக்காமல் அப்படித்தான் வந்தது.

தோன் கிரிஸ்பினிடம் சொல், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று. அந்த பிரேக்கை நானும் போட்டிருப்பேனோ என்னவோ. கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்ததே எனக்குப் போதும். அவளை இத்தனை நாள் நான் கண் திறந்தபடி, சந்தோஷமாக இறங்குகிறவளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்சியலிடம் படித்துக் காட்டினேன். லூசிலாவும் கேட்டாள். நாய்க் கதைகள் முழுக்க வேண்டும் என்று இப்போது என்னைப் பிடுங்குகிறாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட முடியுமா? பின்னிவிடுகிறேன். கோணல் விழுகிறது.

வரும் பிப்ரவரி 15, சனிக்கிழமை, அவளுக்குப் பதினைந்து வயது விருந்து. இதனுடன் உனக்கு அழைப்பு அட்டை இருக்கிறது. மற்ற அட்டைகள் அச்சடித்தவை. இது மட்டும் கையால் எழுதியது, நானே எழுதினேன், அதனால் மை கொஞ்சம் சிந்தியிருக்கிறது. தவளை பிடித்த கதையை எல்லோர் முன்னாலும் நீதான் சொல்லவேண்டும். அந்த அத்தை இன்னும் இருக்கிறாள். தொண்ணூறு வயது. நன்றாகக் காது கேட்கும்.

உன்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று லூசிலா கேட்டாள். நீ என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். பெரியம்மா என்று சொல்லிவிட்டேன்.

மிருகங்களுக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டு வா. வருகிற வழியில் ஏதாவது அடிபட்டுக் கிடந்தால் இறங்கு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடு. நீ வந்த பிறகுதான் விருந்தைத் தொடங்குவோம்.

உன்,
உல்லி